வேன் கக்கூஸை யார் கொட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நியூசிலாந்தில் கேம்பர்வேன் எடுத்துக்கொண்டு குறைந்த செலவில் ஊர் சுற்றுவது பற்றி இரண்டு வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் "வேனை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தித் தூங்கிக்கொள்ளலாம், தங்கும் செலவே கிடையாது" என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அதை நம்பிப் போகிறவருக்கு முதல் ராத்திரியே 400 டாலர், நம் பணத்தில் சுமார் 20,000 ரூபாய், அபராதம் விழலாம். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் கழிவறை பற்றிய பகுதியில் கை வைக்க வேண்டாம்.

கட்டுரையாளர் 'தமிழ் மணி' என்கிற பழைய கப்பல் மணிக்கு இரண்டு பத்தி ஒதுக்கியிருக்கிறார். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரியின் கண்ணில் பட்டபோது அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும், தமிழ் எழுத்து பொறித்த அந்த வெண்கலக் கப்பல் மணி இன்று வெல்லிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தின் வசம் இருப்பதும் உண்மையே. எனக்கும் பெருமைதான். ஆனால் வாரக்கணக்கில் வேனிலேயே குடியிருக்கப் போகிறவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, வேனுக்குள் இருக்கும் கக்கூஸ் நிறைந்தால் அதை யார், எங்கே, எப்படிக் கொட்டுவது என்பது. அதைப் பற்றி மூச்சு இல்லை.

நான் நகராட்சிகளில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பிளீச்சிங் பவுடரோடும் செப்டிக் டேங்க் லாரியோடும் காலம் தள்ளியவனுக்கு இந்த விஷயத்தைப் பேசக் கூச்சம் கிடையாது. மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் 2023 கடைசியில் ஆக்லாந்து போனோம். ஆறு மாத விசா. குழந்தைக்குத் தலை நின்றதும், "அப்பா, நீங்களும் அம்மாவும் எங்கயாவது போயிட்டு வாங்க, எத்தனை நாள்தான் இந்த ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருப்பீங்க" என்றாள் மகள். வெளிநாட்டுக்குப் பேறுகாலம் பார்க்கப் போகும் பெற்றோர்களுக்கு அந்த ஜன்னல் எதுவென்று சொல்லத் தேவையில்லை. பேக்கேஜ் டூரில் இருவருக்கும் சொன்ன தொகையைக் கேட்டதும் மாப்பிள்ளையே, "மாமா, வேன் எடுத்தா இதுல பாதிதான் ஆகும்" என்றார். பிப்ரவரி கடைசியில் கிளம்பினோம். ஏப்ரல் பாதியில் கிரைஸ்ட்சர்ச்சில் வேனை ஒப்படைத்துவிட்டு விமானத்தில் ஆக்லாந்து திரும்பினோம்.

வண்டி ஓட்டுவது பயமில்லை. நம்மைப் போலவே இடது பக்கம். ஆங்கிலத்தில் அச்சிட்ட நம் ஓட்டுநர் உரிமமே செல்லும். ஒற்றைத் தடப் பாலங்களில் அம்புக்குறி பார்த்து எதிரில் வருகிறவருக்கு வழிவிடத் தெரிந்தால் போதும். பின்னால் நாலு கார் சேர்ந்துவிட்டால் ஓரங்கட்டி விட்டுவிட வேண்டும். ஹாரன் அடித்து நான் கேட்கவே இல்லை.

இனி சட்டம். உலகக் கோப்பை ரக்பி நடக்கவிருந்த 2011-ல், அதற்குச் சற்று முன்பாகவே அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். திறந்தவெளியில் இலவசமாக வண்டி நிறுத்தித் தங்குவதைப் பற்றிய சட்டம் அது. அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, பிரச்சினை ஒன்றேதான். காரின் பின் சீட்டை மடக்கிப் படுக்கிற இளவட்டங்கள் காலையில் ஏரிக்கரைப் புதருக்குள் ஒதுங்கினார்கள். ஊர்க்காரர்கள் கொதித்தார்கள். 'இந்த வண்டியில் கழிவறை உண்டு' என்று நீல ஸ்டிக்கர் ஒட்டும் முறை வந்தது. அதிலும் ஓட்டை. கட்டிலுக்கடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைத் திணித்துவிட்டு ஸ்டிக்கரை வாங்கிக்கொண்டார்கள், பெட்டியை வெளியே இழுத்தவர் குறைவு. கடைசியில் 2023 ஜூனில் புதுச் சட்டம். கழிவறை வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். படுக்கையை விரித்திருக்கும்போதும் உட்கார முடிய வேண்டும். குடிநீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, மூடியுள்ள குப்பைக்கூடை எல்லாம் சேர்த்து வண்டி மூன்று நாள் தன் காலிலேயே நிற்க வேண்டும். குடிநீர் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் கணக்கு. இத்தனையும் இருந்தால்தான் கண்ணாடியில் பச்சை அட்டை. வாடகை வண்டிகளுக்கு இது 2024 டிசம்பரில் கட்டாயமாகிவிட்டது. இதற்கெல்லாம் மேற்பார்வை யார் தெரியுமா? பிளம்பர்களையும் வடிகால் வேலை செய்பவர்களையும் பதிவு செய்கிற வாரியம். சுற்றுலாத் துறை அல்ல, போலீஸ் அல்ல. இதைத் தெரிந்துகொண்ட அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

பச்சை அட்டை இருந்தாலும் 'எங்கே வேண்டுமானாலும்' கிடையாது. ஒவ்வோர் ஊராட்சிக்கும் தனி விதி. இந்த மைதானத்தில் ஐந்து வண்டி, அந்தக் கடற்கரையில் ஒரு ராத்திரி, ஊர் நடுவில் ஒன்றுமே இல்லை என்று பலகை வைத்திருப்பார்கள். கேம்பர்மேட் என்ற செயலியில் இந்த இடங்களெல்லாம் வரைபடத்தில் தெரியும். மேற்குக் கரையில் ஒரு ஏரிக்கரையில் நாங்கள் படுத்திருந்தபோது விடியற்காலையில் ஊராட்சி ஊழியர் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். எங்கள் அட்டையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார். பக்கத்து ஸ்டேஷன் வேகனில் இருந்த இரண்டு பிள்ளைகளுக்குக் கையில் காகிதம் கிடைத்தது. வாடகை வண்டி என்றால் அபராதம் கம்பெனிக்குப் போய், அவர்கள் தங்கள் கையாளும் கட்டணத்தையும் சேர்த்து நம் கிரெடிட் கார்டில் எடுத்துக்கொள்வார்கள்.

எங்கள் வேன் பழைய டொயோட்டா ஹயேஸ். இருவர் படுக்கலாம், ஒருவர் நிமிர முடியாது. பின்கதவைத் தூக்கினால் அடுப்பும் ஒரு குட்டித் தொட்டியும். கக்கூஸ், கட்டில் பலகை ஓரத்தில் ஒரு மூடிக்குக் கீழே. மனைவி முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, தலைமாட்டுலயா?" என்றாள். தலைமாட்டில்தான். ஆனால் அறுபதைத் தாண்டிய ஆணுக்கும், சர்க்கரை உள்ள பெண்ணுக்கும் ராத்திரி மூன்று முறை எழ வேண்டியிருக்கும். வெளியே மழையும் இரண்டு டிகிரி குளிருமாக இருக்கும்போது, எட்டுகிற தூரத்தில் அது இருப்பதன் அருமையை இரண்டாம் ராத்திரியே ஒப்புக்கொண்டாள். இளைஞர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளில் இது வராது. அவர்களுக்கு மூத்திரப்பை நன்றாக இருக்கிறது.

இப்போது கொட்டுவது. அடியில் இருக்கும் கேசட் என்கிற தொட்டி 20 லிட்டருக்குள் பிடிக்கும். இருவருக்கு இரண்டு நாள், இழுத்துப் பிடித்தால் மூன்று. வண்டியின் வெளிப்பக்கத்தில் ஒரு சின்னக் கதவைத் திறந்து அதை உருவி எடுக்க வேண்டும். 'டம்ப் ஸ்டேஷன்' என்று போட்ட இடம் பெரும்பாலான ஊர்களில் இருக்கிறது. பெட்ரோல் பங்க் ஓரத்திலோ, ஊராட்சிப் பூங்கா ஓரத்திலோ, தரையில் மூடியிட்ட ஒரு குழி. அது நேராகப் பாதாளச் சாக்கடைக்கோ தொட்டிக்கோ போகிறது. பல இடங்களில் இலவசம். கேசட்டின் வாயைத் திருப்பிக் குழிக்குள் வைத்து, கைப்பிடிக்குப் பக்கத்திலிருக்கும் காற்றுப் பொத்தானை அழுத்திக்கொண்டே சாய்க்க வேண்டும். பொத்தானை அழுத்தாமல் சாய்த்தால் குபுக் குபுக்கென்று காலில் தெறிக்கும். பிறகு தண்ணீர் விட்டுக் குலுக்கி மறுபடி கொட்டி, நீல மருந்து ஊற்றி உள்ளே தள்ளினால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை.

அங்கே இரண்டு குழாய் இருக்கும். கேசட் கழுவ ஒன்று, குடிநீர் பிடிக்க ஒன்று. இரண்டும் தள்ளித் தள்ளி, ஒவ்வொன்றின் மேலும் பலகையோடு. கழுவுகிற ஹோஸைக் குடிநீர்த் தொட்டிப் பக்கம் யாரும் கொண்டுபோவதில்லை. காலரா காலத்தில் தெருக்குழாய் ஒவ்வொன்றாகக் குளோரின் பார்த்துத் திரிந்தவன் நான். அந்த இரண்டு குழாய்க்கும் நடுவில் விட்டிருந்த இடைவெளியை நின்று பார்த்தேன். மனைவி வண்டிக்குள் இருந்து கூப்பிடும்வரை.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் பளபளக்கும் பெரிய மோட்டார் வீட்டுக்காரர். விலை நம் கணக்கில் கோடிக்கு மேல் இருக்கும். கையுறை மாட்டிக்கொண்டு அவரே தன் கேசட்டை உருட்டிக்கொண்டு வந்தார். எனக்குப் பின்னால் ஜெர்மன் பெண் ஒருத்தி. அவளும் அப்படித்தான். வானிலை பற்றிப் பேசிக்கொண்டே கொட்டினோம்.

ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது உறவினர் வட்டத்தில் மலையைப் பற்றிக் கேட்டவர்களைவிட இதைக் கேட்டவர்கள் அதிகம். சம்பந்தி ஒருவர் கேட்டே விட்டார்: "ஏன், அங்க அதுக்கு ஆள் இல்லையா?" இல்லை. அவ்வளவு காசு கொடுத்து வண்டி எடுத்தும் இல்லை. விடியற்காலை மஸ்டர் என்கிற வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்தவர் வீட்டு நரகலை அள்ளப் போனவர்களின் பெயர்களை நான் ஆண்டுக்கணக்கில் கூப்பிட்டிருக்கிறேன். அவர்கள் எல்லோரும் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று உங்கள் வாசகர்களுக்கும் தெரியும். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. சாக்கடைக்குள் இறங்கிச் செத்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. சம்பந்தியின் கேள்வி இரண்டையும் தாண்டி நிற்கிறது.

வேனில் கேசட் தவிர இன்னொரு தொட்டியும் உண்டு, பாத்திரம் கழுவிய நீருக்கு. இங்கேதான் தமிழ்ச் சமையல் வம்பு செய்யும். அரிசி களைந்த நீரும் கஞ்சியும் அந்தத் தொட்டியில் இரண்டு நாள் கிடந்தால் புளித்து வண்டி முழுக்க வாடை. தரையில் கொட்டுவது குற்றம். மனைவி கண்டுபிடித்த வழி: அரிசியைக் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு ஒரே முறை களைவது, குக்கரில் வைத்துக் கஞ்சி வடிக்காமல் சமைப்பது, குழம்புச் சட்டியைக் காகிதத்தால் நன்றாகத் துடைத்துவிட்டுக் கழுவுவது. மகள் வீட்டு மூணு லிட்டர் குக்கரைக் கொண்டுபோயிருந்தோம். மலையடிவாரத்தில் அது முதல் விசில் அடித்தபோது பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், அச்சிடுவீர்களோ இல்லையோ. நமக்குத் தண்ணீர் விட்டுக் கழுவித்தான் பழக்கம். மக்கில் அள்ளி ஊற்றினால் கேசட் ஒரே நாளில் நிறைந்துவிடும், குடிநீரும் தீர்ந்துவிடும். மூக்குள்ள பிழிகிற பாட்டில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கால் லிட்டரில் வேலை முடியும். மலைப்பாதைக் கழிவறைகளிலும் அதுவே துணை.

வேன் பயணத்தில் காசு கரைகிற விதம் வேறு. வாடகை நாளுக்கு 90 டாலர் அளவில் அமைந்தது. ஜனவரியில் இதே வண்டிக்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பு கேட்டிருந்தார்கள், பள்ளி விடுமுறைக் காலம். டீசல் வண்டி மலிவாகத் தெரியும். ஆனால் அங்கே டீசலுக்குச் சாலை வரி விலையில் சேராது, ஓடிய கிலோமீட்டருக்குத் தனியாகக் கணக்கிட்டு வாங்குவார்கள். ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். வடக்குத் தீவின் வெல்லிங்டனிலிருந்து தெற்குத் தீவின் பிக்டனுக்குக் கப்பலில் மூன்றரை மணி நேரம். வண்டியின் நீளத்துக்கு ஏற்பக் கட்டணம், குட்டி வேனுக்கு அதில் லாபம். மளிகை பாக்கன்சேவ் கடையில். பருப்பும் மசாலாவும் கிளம்புவதற்கு முன்பே ஆக்லாந்து சாண்ட்ரிங்ஹாம் ரோட்டு இந்தியக் கடைகளில் வாங்கிவிட்டோம். மழைக்கோட்டு, கம்பளிச் சட்டை எல்லாம் பழைய பொருள் விற்கும் தர்மக் கடைகளில், பத்துப் பதினைந்து டாலருக்கு. அங்கே யாரும் அதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பதில்லை. ஊரிலிருந்து கறிவேப்பிலை கொண்டுபோக வேண்டாம், பையில் எந்தச் சாப்பாட்டுப் பொருள் இருந்தாலும் விமான நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், மறைத்தால் அதற்கும் 400 டாலர். செருப்பு, ஷூ அடியில் மண் ஒட்டியிருந்தாலும் சொல்ல வேண்டும்.

உண்மையில் எங்கள் பர்ஸைக் காப்பாற்றியது இலவச இடங்கள் அல்ல. இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்கள். அங்கே எல்லோரும் 'டாக்' என்கிறார்கள். வண்டி போகக்கூடிய முகாம்களே நாடு முழுக்க 200-க்கு மேல். சாதாரண இடங்களில் அப்போது ஆளுக்கு 10 முதல் 20 டாலர். சில எளிய முகாம்களுக்குக் கட்டணமே இல்லை. அங்கே கழிவறை இருப்பதால் வண்டியில் பச்சை அட்டை இல்லாதவர்களும் தங்கலாம். சுடுநீர் கிடையாது, மின்சாரம் பெரும்பாலும் கிடையாது. ஆனால் வாசலிலேயே மலைப்பாதை தொடங்கும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை காசு கொடுத்து ஹாலிடே பார்க் ஒன்றில் தங்கி, வெந்நீரில் குளித்து, துணி துவைத்து, போனை எல்லாம் சார்ஜ் ஏற்றிக்கொள்வோம். அப்படி ஒரு பொதுச் சமையல் கூடத்தில் நான் மேசை விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஒரு மாவோரிப் பாட்டி சிரித்துக்கொண்டே இறங்கச் சொன்னார். சாப்பாடு வைக்கிற இடத்தில் பிருஷ்டம் வைக்கக் கூடாதாம். பாத்திரம் துடைக்கும் துணியை உள்ளாடைகளோடு சேர்த்துத் துவைக்கவும் மாட்டார்களாம். "எங்க மாமியாரும் இதையேதான் சொல்லுவாங்க" என்று என் மனைவி தமிழிலேயே பதில் சொல்ல, பாட்டி ஏதோ புரிந்தது போலத் தலையாட்டினார்.

மலைநடை பற்றி. தோங்கரிரோ கிராசிங் என்ற புகழ்பெற்ற பாதை ஏறக்குறைய 20 கிலோமீட்டர், எங்கள் முழங்காலுக்கு ஆகாது. அதே தேசியப் பூங்காவில் தரனாகி அருவிக்குப் போய்வரும் 6 கிலோமீட்டர் சுற்று நடந்தோம், போதும். அந்த எரிமலைச் சிகரங்களை 1887-ல் ஹோரோனுக்கு தே ஹெயுஹெயு என்ற மாவோரித் தலைவர் அரசிடம் ஒப்படைத்ததிலிருந்துதான் அந்த நாட்டின் முதல் தேசியப் பூங்கா பிறந்தது. அங்கே சிகரம் அவர்களுக்கு மூதாதை. மேலே போய் அசுத்தம் செய்யாதீர்கள் என்று அவர்கள் கேட்பதில் அதிகப்படி ஒன்றும் இல்லை.

நாங்கள் நின்று நிதானமாக அனுபவித்தது தெற்குத் தீவில் ரொட்டோய்ட்டி ஏரி. நெல்சன் லேக்ஸ் தேசியப் பூங்கா. கெர் விரிகுடா முகாமில் வேனை விட்டுவிட்டு, ஏரியின் கிழக்குக் கரையோடு 9 கிலோமீட்டர் நடந்து லேக்ஹெட் குடிலுக்குப் போனோம். பலகையில் 3 மணி நேரம் என்று போட்டிருக்கும். அங்கே பலகைகளில் தூரத்தோடு நேரமும் எழுதுகிறார்கள். அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள், நம் வயதுக்குச் சரியாக இருக்கும். பெரிய ஏற்றமில்லை, ஆனால் வேர்கள் காலைத் தடுக்கும். பீச் (beech, பழம் தரும் பீச் அல்ல) மரக் காட்டில் அடிமரங்கள் கரி பூசினாற்போல் கறுப்பு. பட்டைக்குள் இருக்கும் செதில் பூச்சிகள் ஒரு இனிப்பு நீரைச் சொட்டுசொட்டாக விடுகின்றன, அதில் வளரும் பூசணம்தான் அந்தக் கறுப்பு. நுனியில் நிற்கும் சொட்டை விரலில் தொட்டு நக்கினால் சர்க்கரைப்பாகு. பறவைகளுக்கு உரிய அந்த இனிப்பை வெளிநாட்டிலிருந்து வந்த குளவிகள் மொய்த்துத் தீர்க்கின்றன என்பதால் குளவிக்கு மருந்து வைக்கிறார்கள். கை வைக்கும் முன் குளவியைப் பார்த்து வையுங்கள்.

குடிலுக்கு டிக்கெட்டைக் கிராமத்திலிருக்கும் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கிக்கொண்டோம். காவலாளி இல்லை, பூட்டு இல்லை. அடுக்குக் கட்டில், மெத்தை, விறகு அடுப்பு, கூரையிலிருந்து மழைநீர்த் தொட்டி. மேசைமேல் ஒரு பதிவேடு: யார், எத்தனை பேர், நாளை எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று எழுத வேண்டும். ஆள் காணாமல் போனால் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது இதைத்தான். இதைப் போல 950-க்கும் மேற்பட்ட குடில்கள் அந்தத் துறையிடம் உள்ளன. அன்று எங்களோடு ஒரு தகப்பனும் அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவரும் இருந்தார்கள். காலையில் கிளம்பும்போது அந்தப் பையன்கள் சொல்லாமலே துடைப்பம் எடுத்துப் பெருக்கினார்கள், தாங்கள் எரித்த அளவுக்கு விறகு பிளந்து அடுக்கினார்கள். எங்கள் ஊறுகாய்ப் பொட்டலக் காகிதம் உட்பட எல்லாக் குப்பையும் எங்கள் பையிலேயே திரும்பியது. மலையில் குப்பைத்தொட்டி என்பதே இல்லை, வைத்தால் அதை எடுத்து வர ஒருவர் போக வேண்டும் அல்லவா.

சாலை போகாத பல குடில்களில் கழிவறைத் தொட்டி நிறைந்தால் ஹெலிகாப்டரில் தூக்கிக் கொண்டுபோகிறார்கள். அயோராகி என்கிற மவுண்ட் குக்கில் பனிமுகட்டுக் குடில்களுக்கு ஏறுகிறவர்களுக்கு, தங்கள் மலத்தைத் தாங்களே கீழே கொண்டுவருவதற்கென்று மூடியுள்ள கலன் தருகிறார்கள். 3,724 மீட்டர் மலை. அதற்கு ஏறும் வீரரின் முதுகுப்பையில் இதுவும் ஒரு சாமான்.

அந்த மலைக்குக் கீழே ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமில் பல ராத்திரி தங்கினோம். ஹூக்கர் பள்ளத்தாக்குப் பாதை முகாமிலிருந்தே தொடங்குகிறது. போக 5, வர 5 கிலோமீட்டர், மூன்று தொங்கு பாலம், கடைசியில் பனிக்கட்டிகள் மிதக்கும் ஏரி. நாங்கள் போய் வந்த அடுத்த ஆண்டு, நடுப் பாலத்தை மாற்றுவதற்காக மேல்பாதியை நெடுநாள் மூடினார்கள். போகிறவர்கள் துறையின் இணையதளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்பவும். சீலி டார்ன்ஸ் என்ற இன்னொரு பாதையில் 2,200 படிகள். சுவாமிமலையின் அறுபது படியில் மூச்சு வாங்குகிற என் மனைவி பாதிவழிக் காட்சிமேடைவரை ஏறிவிட்டு, "இதுக்கு மேல மலை என்னைப் பார்க்க வரட்டும்" என்று உட்கார்ந்துவிட்டாள். ராத்திரி குளிர் பூஜ்யத்தை ஒட்டிப் போகும். மலிவு வேனில் ஹீட்டர் கிடையாது. வெந்நீர் நிரப்பிய ரப்பர் பை ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

மில்ஃபோர்டு பக்கம் போகிறவர்கள் மணல் ஈயை மறக்க வேண்டாம். கொசு அதற்குத் தம்பி. அந்தப் பகுதியில் ஆண்டுக்கு 6 மீட்டருக்கு மேல் மழை. ஓடை ஒரு மணி நேரத்தில் பெருகிவிடும். பாலமில்லாத இடத்தில் இறங்காமல் திரும்பிவிடுவதே அங்கே உள்ளவர்களின் வழக்கம். மலைக்குள் போன் எடுக்காது. உதவி கேட்கும் அலைவரிசைக் கருவியை நாள் வாடகைக்குத் தருகிறார்கள். இருவர் மட்டும் போவதாக இருந்தால் அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம். வாடகை ஒப்பந்தத்தில் சில சாலைகளில் ஓட்டக் கூடாது என்று இருக்கும், குவீன்ஸ்டவுன் பக்கத்து ஸ்கிப்பர்ஸ் சாலை, வடக்கே தொண்ணூறு மைல் கடற்கரை போன்றவை. அங்கே விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

கடைசியாக நம் ஊர். கேரளத்தில் 2021-லேயே கேரவன் சுற்றுலாவைத் தொடங்கிவிட்டார்கள். தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் பேச்சு இருக்கிறது. வரட்டும், நல்லது. படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களின் கேரவன் நிற்பதைப் பார்த்திருக்கிறோம், அதன் தொட்டியை யார், எந்த வாய்க்காலில் திறந்துவிடுகிறார்கள் என்று எந்தச் சினிமா நிருபரும் எழுதிப் பார்த்ததில்லை. செப்டிக் டேங்க் கசடு மேலாண்மைக்கு இந்த மாநிலம் 2014-லேயே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது, பல ஊர்களில் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கிறது. ஆகவே இடம் இல்லை என்று சொல்ல முடியாது. கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ கேரவன் பூங்கா அமைக்கப் போகிறோம் என்று அடுத்த முறை அதிகாரிகள் அறிவிக்கும்போது தங்கள் நிருபர் இரண்டு கேள்வி மட்டும் கேட்டு, பதிலை அப்படியே அச்சிட்டால் போதும்: வரைபடத்தில் கழிவு கொட்டும் இடம் எங்கே குறித்திருக்கிறது? அங்கே கொட்டப் போவது வண்டியில் வந்தவரா, ஒப்பந்தத் தொழிலாளியா?

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற நகராட்சி சுகாதார ஆய்வாளர்,
கும்பகோணம்.